நாலு பேர் கால்

நாவலூத்து மலை
6.10.2024

அன்புள்ள பாண்டீஸ்வரிக்கு,

மாரீஸ்வரன் எழுதுறது. இங்க நானும் அம்மாவும் தம்பி சிவபாண்டியும் நல்லா இருக்கோம். அங்க நீயும் நம்ம பாப்பாவும் எப்படி இருக்கீங்க. மாமாவையும் அத்தையையும் நான் கேட்டதாச் சொல்லு.

போன் போட்டா நீ எடுக்க மாட்டேங்கிற. மொட்டைப்பாறை மேல ஏறி நின்னாத்தான் டவர் கிடைக்கும்னு உனக்குத் தெரியும். காலெல்லாம் அட்டை கடிக்க அம்புட்டு உசரம் ஏறிப் போய்ப் போட்டா, அது பாட்டுக்கு அடிச்சு ஓயுது. அதனாலதான் பேப்பரை எடுத்தேன். வியாழக்கிழமை சின்னக்கருப்பன் எலுமிச்சங்காய் மூட்டையோட ராஜபாளையம் இறங்குதான். அவன் கையில கொடுத்துவிட்டா தபால்பெட்டியில போட்டுருவான். நீ பதில் எழுதினா கமிஷன் கடை விலாசத்துக்குப் போடு, அடுத்த வியாழன் அவனே வாங்கிட்டு வந்துருவான்.

மழை பிடிச்சுக்கிட்டு. ஊத்துக்கு மேல பாறை சரிஞ்சு பாதையை அடைச்சிருக்கு. ரேஷன் அரிசியை எல்லாம் சுத்துவழியில தலைச்சுமையாத்தான் கொண்டு வாறோம். சோலார் விளக்கு சரியா எரியல. பின்பக்கம் நீ போட்ட அவரை மட்டும் நல்லாப் படர்ந்து பூ வச்சிருக்கு.

பாப்பாவுக்கு ரெண்டு மாசம் முடிஞ்சிட்டு. தாய் வீட்டுல இருந்தது போதும், புள்ளையைத் தூக்கிக்கிட்டு வரச் சொல்லுன்னு அம்மா நித்தம் சொல்லுதா. இன்னொன்னு. உன்னைய டோலி கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்த மூங்கிலும் கம்பளியும் இன்னும் கருப்பசாமி கோயில்ல தரையிலதான் கிடக்கு. நீ வந்து, தூக்கின நாலு பேர் காலையும் மஞ்சத்தண்ணி ஊத்திக் கழுவினாத்தான் மூங்கிலை நிமித்தி வைக்க முடியும். நிமித்தி வச்சாத்தான் அடுத்த ஆளைத் தூக்கலாம். ஊர் வழக்கம் உனக்குத் தெரியாததில்ல. பாம்பு கடிச்சு இறங்கின பொன்மணியக்கா, உடம்பு தேறின உடனே ஏறி வந்து கழுவிட்டுத்தானே வீட்டுக்குள்ள போனா. முத்துராமலிங்கம் பெரியப்பா ஊர்ப் பெரியவருன்னு பேரு, அவரு பார்க்கும்போதெல்லாம் கேக்காரு. என்ன பதில் சொல்ல.

என்னைக்கு வாரன்னு எழுது. அடிவாரத்துல வந்து நிக்கேன்.

இப்படிக்கு
மாரீஸ்வரன்


தளவாய்புரம்
14.10.2024

மாமாவுக்கு,

பாப்பா நல்லா இருக்கா. ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து பகல்ல தூங்குதா. அப்பா அம்மா சொகம். அத்தையைக் கேட்டேன்னு சொல்லுங்க, அவிய மேல எனக்கு ஒரு கோவமும் இல்ல.

போனை வேணும்னுதான் எடுக்கல. எடுத்தா கத்திருவேன். அப்பாவுக்கு ரத்தக்கொதிப்பு, சொந்த அக்கா பெத்த மகனுக்குக் கொடுத்தோமேன்னு ஏற்கனவே பொருமிக்கிட்டிருக்காரு. எழுதினா ஒருத்தர் காதுலயும் விழாது, எம்புட்டு வேணாலும் கத்தலாம்.

நாலு பேர் காலைக் கழுவணுமாக்கும். எந்தக் காலை மாமா? 

உங்களுக்கு மறந்திருக்கும், எழுதுதேன். மத்தியானம். பனிக்குடம் உடைஞ்சு நான் கம்பளிக்குள்ள மடங்கிக் கிடக்கேன். ரெண்டு பக்கமும் கயிறு இறுக்கிக் கட்டியிருக்கு, எந்திரிச்சு உக்காரக்கூட முடியாது. ஈச்சம்பள்ளத்து வளைவு வந்ததும் "ஆனைலே, வைலே"ன்னு ஒரு சத்தம். தொப்புனு வச்சீங்க. பொறவு நாலு பேரும் ஓடுற சத்தம். கம்பளி மூஞ்சியை மூடியிருக்கு, எனக்குக் கேக்கத்தான் முடியும். ஓடுற சத்தம் ஓஞ்சதும் ஒண்ணுமே இல்ல. பொறவு ஆனை மூச்சு விடுத சத்தம். கத்தினா மிதிச்சிரும்னு வலிக்கு வலி கம்பளியைக் கடிச்சேன். அந்தக் கம்பளி நாத்தம் இன்னைக்கும் சோறு திங்கையில வாயில வருது.

முன்பக்கத்து மூங்கிலு உங்க தோள்ல இருந்துச்சு. நீங்களும் ஓடுனீங்க. எல்லாம் போன பொறவு வந்து, "ஒண்ணுமில்ல புள்ள, ஒண்ணுமில்ல"ன்னு தூக்குனீங்க. எனக்கு எரிச்சலா வந்துச்சு, பேச வாயில்ல. இப்ப இருக்கு.

என்னைய வழியில போட்டுட்டு ஓடின காலுக்கு மஞ்சத்தண்ணி ஊத்த மாட்டேன். பெரியப்பா கேட்டா இதைப் படிச்சுக் காட்டுங்க.

பாண்டீஸ்வரி


நாவலூத்து மலை
27.10.2024

பாண்டிக்கு,

உன் காயிதம் கிடைச்சுது. படிச்சேன், கிழிச்சுப் போடலாமான்னு வந்துச்சு, போடல.

நாங்க ஓடல, விலகினோம். ரெண்டும் வேற. நிக்கிற ஆளையும் நடக்கிற ஆளையும் பார்த்தாத்தான் ஆனைக்கு வெறி பிடிக்கும். தரையில அசையாமக் கிடக்கிறதை மோந்து பார்த்துட்டுப் போயிரும். ஆனை வந்தா சுமையைக் கீழ வச்சுட்டு விலகணும்னு எங்க தாத்தா காலத்துல இருந்து வாற வழக்கம். அப்படி விலகினதுனாலதான் நீ இன்னைக்கு உக்காந்து என்னைய ஏசி எழுதுத. நின்னிருந்தா எங்க நாலு பேரோட நீயும் வயித்துல கிடந்த பிள்ளையும் போயிருப்பீங்க.

நானும் மனுசன்தான். மரத்துக்குப் பின்னால நின்னுக்கிட்டு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அதை உங்கிட்டச் சொல்லணும்னு இருந்தேன், நீ இப்படி எழுதின பொறவு சொல்லத் தோணல.

இங்க உன் பேச்சுத்தான் ஊர் முழுக்க. சின்னக்கருப்பன் பொண்டாட்டி ஈஸ்வரிக்கு ஏழாம் மாசம் முடிஞ்சிட்டு. மூங்கில் தரையில கிடந்தா அவளுக்கு வலி வரும்போது யாரு தூக்குவா? உனக்குப் பதிலா அம்மா கழுவட்டுமேன்னு பெரியப்பாகிட்டக் கேட்டுப் பார்த்தேன். கம்பளியில போன ஆளு செத்துப்போனாத்தான் வீட்டுப் பெரியவுக கழுவுறது, பிழைச்சிருந்தா பிழைச்ச ஆளே வந்து கழுவணும், அதை மாத்த எனக்கு உரிமை இல்லன்னுட்டாரு. இதுவரைக்கும் பிழைச்ச ஒருத்தரும் வராம இருந்ததில்லையாம். என்ன செய்யன்னு அவருக்கே தெரியல.

ஒரே ஒரு நாள் ஏறி வா. கழுவிட்டு வேணும்னா மறுநாளே இறங்கிக்கோ. ஈஸ்வரிக்காகவாவது வா. நீ மலைக்கு வந்த புதுசுல அட்டை பிடுங்கக் கத்துக்கொடுத்தது அவதான்.

மாரீஸ்வரன்


தளவாய்புரம்
4.11.2024

மாமாவுக்கு,

செத்திருந்தா சுளுவா முடிஞ்சிருக்கும் போல. அத்தை கழுவியிருப்பாக, மூங்கிலும் நிமிந்திருக்கும், பெரியப்பாவுக்கும் நிம்மதி. பிழைச்சுக் கிடந்து ஊருக்குத் தொந்தரவு கொடுக்கேன்.

தரையில கிடக்கிறதை ஆனை தொடாதுன்னு எழுதியிருக்கீங்க. அதுல அம்புட்டு நம்பிக்கை இருந்தா, நாலு பேரும் என் பக்கத்துலயே படுத்திருக்க வேண்டியதுதானே. மரத்துக்குப் பின்னால எதுக்குப் போனீங்க? 

ஈஸ்வரி பேரைச் சொல்லி என்னைய மடக்கப் பார்க்காதீங்க. அவளுக்கு வழி நான் சொல்லுதேன். வலி வரட்டும், தூக்குவோம்னு ஏன் உக்காந்திருக்கீங்க? இப்பவே மெதுவா நடத்திக் கூட்டிட்டு வந்துருங்க. எங்க வீட்டுல பின்ரூம்பு சும்மாத்தான் கிடக்கு. அம்மாகிட்டயும் கேட்டுட்டேன். பிள்ளை பிறக்கிற வரைக்கும் எங்கூட இருக்கட்டும், நான் வடிச்சுக் கொட்டுதேன். இதுக்கு மூங்கிலும் வேண்டாம், கம்பளியும் வேண்டாம், எவன் தோளும் வேண்டாம். ஆனா இதை ஒருத்தரும் செய்ய மாட்டீங்க. பொம்பளை கடைசி நேரத்துல கம்பளியில சுருண்டு இறங்கினாத்தான் உங்க ஊருக்கு ஊர் மாதிரி இருக்கும்.

கோவத்துல எழுதுதேன்னு நினைப்பீங்க. கோவம்தான். ஆனா இதை மட்டும் நல்லாக் கேளுங்க. நான் இங்கேயே இருந்துரணும்னு சண்டை போடல. அவரை பூ வச்சிருக்குன்னு நீங்க எழுதினதைப் பார்த்து அழுதேன். எனக்கு வேண்டியது ஒரே ஒரு வரி. "நீ கிடந்தப்ப நான் நின்னிருக்கணும்"னு உங்க கையால எழுதுங்க. ஊருக்கு முன்னால சொல்ல வேண்டாம், பெரியப்பாவுக்குத் தெரிய வேண்டாம். எனக்கு எழுதுங்க. அது வந்த மறுநாள் பாப்பாவைத் தூக்கிக்கிட்டு ஏறி வாரேன். நாலு பேர் காலையும் கழுவுதேன், ஓடின காலுன்னு தெரிஞ்சே கழுவுதேன்.

பாண்டீஸ்வரி


நாவலூத்து மலை
17.11.2024

பாண்டிக்கு,

நீ கேட்ட வரியை என்னால எழுத முடியாது.

நான் நின்னிருக்கணும்னு எழுதினா, மத்த மூணு பேரும் தப்புப் பண்ணினதா ஆயிரும். சின்னக்கருப்பனும் பெரியப்பா மகன்க ரெண்டு பேரும் வேலையைப் போட்டுட்டு உனக்காகத் தோள் கொடுத்தவனுக. நாளைக்கு ஒருத்தன் தோள் கொடுப்பானா? ரோடு கேட்டு எத்தனை தடவை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மனுவைத் தூக்கிக்கிட்டு நடந்தோம்னு உனக்கே தெரியும். ஓட்டுக் கேட்டு வந்தவுக எல்லாரும் அடிவாரத்துலயே மாலையை வாங்கிக்கிட்டுத் திரும்பிட்டாக. ஆஸ்பத்திரி வண்டியும் அங்கேயேதான் நிக்கும். எங்களுக்குன்னு இருக்கிறது நாலு தோளு. அதுக்கு ஒரு வழக்கம் இருக்கு. அதையும் குத்தம் சொன்னா மலையில மனுசன் எப்படி இருக்க?

ஈஸ்வரியை இப்பவே அனுப்ப அவ மாமியா சம்மதிக்கல. காப்பி பழுத்துக் கிடக்கு, பறிக்க ஆள் வேணும். அடுத்தவ வீட்டுல போய் மாசக்கணக்குல உக்காந்து திங்கிறதுக்கு அவளுக்கும் மனசில்ல.

எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லிருதேன். நீ கீழ ஊர்ப் புள்ள. உனக்கு ஃபேனு வேணும், டிவி வேணும், வாசல்ல பஸ் வேணும். அதைச் சொல்ல மனசில்லாம ஆனையைச் சாக்குச் சொல்லுத. அங்க சொகமா இருக்கணும்னா இரு. சும்மா என் மேல பழியைப் போடாத.

மாரீஸ்வரன்


தளவாய்புரம்
25.11.2024

மாமாவுக்கு,

ஃபேனு சொகத்துக்கு இருக்கேன்னு எழுதியிருந்தீங்க. படிச்சேன்.

திங்கக்கிழமையில இருந்து நைட்டி தைக்கிற கம்பெனிக்குப் போறேன். பாப்பாவை அம்மா பார்த்துக்கிடுவா.

ஈஸ்வரிக்கு வலி வந்தா மொட்டைப்பாறைக்கு ஆள் விட்டு எனக்குப் போன் போடச் சொல்லுங்க. அவளுக்காக எடுப்பேன்.

பாண்டீஸ்வரி


நாவலூத்து மலை
22.12.2024

என் அன்புள்ள பாண்டீஸ்வரிக்கு,

ஈஸ்வரிக்கு ஆம்பளைப் பிள்ளை பிறந்தது உனக்குத் தெரிஞ்சிருக்கும். சிவபாண்டி போன் போட்டதும் நீ எடுத்தியாம், அவுக போய்ச் சேருறதுக்கு முன்னாலயே ஆஸ்பத்திரி வாசல்ல நின்னியாம். சின்னக்கருப்பன் வந்து சொன்னான். ஆனா மேல நடந்தது உனக்குத் தெரியாது. அதை நானே எழுதணும்னுதான் உக்காந்திருக்கேன்.

காலையில வெள்ளென அவளுக்கு வலி வந்துட்டு. சின்னக்கருப்பன் கோயிலுக்கு ஓடினான். பெரியப்பா குறுக்க வந்து நின்னுக்கிட்டாரு. தரையில கிடக்கிற மூங்கிலைத் தொட்டா ஊருக்கு ஆகாது, பாண்டீஸ்வரி வந்து கழுவுற வரைக்கும் தூக்க விடமாட்டேன்னு கையை விரிச்சுக்கிட்டு நிக்காரு. உள்ள அவ கத்துறது கோயில் வரைக்கும் கேக்குது. எனக்கு என்ன வந்துச்சோ தெரியல. வீட்டுக்குப் போய் நம்ம மாட்டுக்கொட்டகை மூங்கிலை உருவினேன். அம்மா தானா அவ போத்துற கம்பளியை எடுத்துக் கொடுத்தா. நானும் சின்னக்கருப்பனும், பெரியப்பாவோட சின்ன மகன் அவரு ஏசுறதைக் கேட்டுக்கிட்டே வந்துட்டான், நாலாவதா மலைப் பள்ளிக்கூடத்து சாம்சன் வாத்தியாரு. அவருக்குத் தூக்கிப் பழக்கமே கிடையாது.

ஈச்சம்பள்ளத்து வளைவுல ஆனை நின்னுச்சு. அதே இடம். ஒத்தை ஆனை. பின்னால இருந்து "வைங்கடா, வைங்கடா"ன்னு குரல் வருது. சின்னக்கருப்பன் முட்டியை மடக்கிட்டான். "வைக்காதீங்கலே, எவனும் அசையாதீங்க"ன்னு சொன்னேன். நான்தான் முன்னால. அது காதை விரிச்சுப் பார்க்குது. மூங்கில் தோளை அறுக்குது. எனக்கு உன் முகம்தான் வந்துச்சு. இன்னைக்கு இதைக் கீழ வைக்க மாட்டேன்னு நின்னேன். அதுவாப் பார்த்துட்டு, பள்ளத்துக்குள்ள இறங்கிப் போயிட்டு.

அடிவாரத்துல ஈஸ்வரியையும் சின்னக்கருப்பனையும் வண்டியில ஏத்திவிட்டுட்டு நாங்க மேல வந்துட்டோம். பெரியப்பா எங்கூடப் பேசுறதை நிப்பாட்டிட்டாரு. பேசாட்டிப் போகுது. ஈஸ்வரி ஏறி வந்து எங்க நாலு பேர் காலையும் கழுவுவா, எங்க வீட்டு மூங்கிலை நிமித்தி வைப்போம், இனிமே அதுதான் ஊரு மூங்கில். உன்னைய இனி யாரும் ஒண்ணும் கேக்க முடியாது. நீ யாரு காலையும் கழுவ வேண்டாம்.

தை பிறந்ததும் கிளம்பி வந்துரு. நான் நின்னேன் பாண்டி. உன்னைய நினைச்சுத்தான் நின்னேன்.

உன்
மாரீஸ்வரன்


தளவாய்புரம்
3.1.2025

மாமாவுக்கு,

நீங்க எழுதுறதுக்கு முன்னாலயே ஈஸ்வரி எல்லாத்தையும் சொல்லிட்டா. ஆஸ்பத்திரிக் கட்டில்ல பிள்ளையைப் பக்கத்துல போட்டுக்கிட்டு, அதைச் சொல்லாம அவளால தூங்க முடியல. கம்பளி இடுக்கு வழியா உங்க காலு ரெண்டும் தெரிஞ்சுச்சாம். "அண்ணன் காலு அசையவே இல்லக்கா. அதைப் பார்த்துக்கிட்டே கிடந்தேன், எனக்குப் பயமே வரல"ன்னா. கேட்டதும் எனக்கு உடம்பெல்லாம் சிலுத்துட்டு. எம் மாமான்னு பெருமையா இருந்துச்சு. அவ தலையைத் தடவிக் கொடுத்துட்டு, அவளுக்கு ஆர்லிக்ஸ் ஆத்திக் கொடுத்துட்டுத்தான் வந்தேன்.

பஸ்ல வரும்போதுதான் ஆத்திரம் ஏறுச்சு. இன்னும் இறங்கல.

இத்தனை மாசமும் உங்களை ஏசி எழுதினேன்ல, ஏசிக்கிட்டே நீங்க சொன்னதுல பாதியை நம்பிக்கிட்டுத்தான் இருந்தேன். ஆனைக்கு முன்னால மனுசனால நிக்க முடியாது போல, மாமா என்ன செய்வாரு, வழக்கம்னு ஒண்ணு காலைப் பிடிச்சு இழுத்திருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அதனாலதான் ஒரு வரி போதும்னு கேட்டேன். அந்த ஒரு வரிக்கே மலையேறி வந்திருப்பேன். இப்ப நீங்களே காட்டிட்டீங்க. நிக்க முடியும். வழக்கத்தையும் மீற முடியும், பெரியப்பாவையும் எதுத்துக்கிட முடியும், மூங்கிலையும் உருவ முடியும். எல்லாம் உங்களால ஆகும். ஈஸ்வரிக்கு ஆகுது. எனக்கு ஆகல.

என்னைய நினைச்சு நின்னேன்னு எழுதியிருக்கீங்க. நானே அங்க கிடந்தேனே மாமா, அன்னைக்கு யாரை நினைச்சு ஓடுனீங்க?

அடிவாரம் வரைக்கும் வந்தீங்க. அங்க இருந்து பஸ் ஏறினா எம்புட்டு நேரம் ஆயிரும்? பிள்ளை பிறந்து அஞ்சு மாசத்துல அவ மூஞ்சியை நீங்க பார்த்தது ஒரே தடவை. திரும்பி மேல போய், நீங்க நின்ன கதையை நாலு பக்கத்துக்கு எழுத நேரம் இருந்திருக்கு. நாலு பக்கத்தையும் ரெண்டு தடவை படிச்சேன். நான் கேட்ட வரி அதுலயும் இல்ல. என்னைய மன்னிச்ச மாதிரி எழுதியிருக்கீங்க, யாரு காலையும் கழுவ வேண்டாம்னு.

ஈஸ்வரி நல்லவ, ஏறி வந்து கழுவுவா. கழுவட்டும். அவளுக்கு அது நின்ன காலு.

நான் வரல. தையிலயும் வரல, பொறவும் வரல. அத்தைக்கு வருத்தமா இருக்கும், அவியளை ஒரு வாரம் இங்க வந்து பேத்தியோட இருக்கச் சொல்லுங்க, எப்ப வேணாலும் வரலாம். ஈஸ்வரி கையில அத்தைக்கு ஒரு நைட்டி கொடுத்து விட்டிருக்கேன், நானே தைச்சது, குளிருக்குத் தடிமனான துணி.

உங்களுக்குப் பாப்பாவைப் பார்க்கணும்னா ஞாயித்துக்கிழமை வாங்க, அன்னைக்குத்தான் எனக்கு லீவு. மத்த நாள்ல நான் வீட்டுல இருக்க மாட்டேன். சோறு ஆக்கி வைக்கேன். சாப்பிட்டுட்டு, செத்த நேரம் அவளைத் தூக்கி வச்சிருந்துட்டு, சாயந்தரப் பஸ்ஸுக்குக் கிளம்பிருங்க.

பாண்டீஸ்வரி